குணமாகாத நோயும் குறையாத வாழ்வும்



மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லும் ஒரு தாயை உங்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். வயது அறுபத்தெட்டு. கணவரை இழந்து ஒன்பது வருடங்கள். பதினான்கு வருடங்களாகச் சலரோகம். அதன்பின் வந்து சேர்ந்தது இரத்த அழுத்தம். இப்பொழுது முழங்கால் வாதமும் சேர்ந்துவிட்டது. இவர் குறிப்பிட்ட ஓர் ஆள் அல்லர். ஆனால் எந்தப் பங்கிலும் இவரைப் போன்ற பத்துப் பேரையாவது நாம் காணலாம்.

கிளினிக் நாளன்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்புகிறார். இரத்தம் கொடுக்கவேண்டியிருப்பதால் வெறுவயிற்றோடு முதல் பஸ் ஏறுகிறார். இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருக்கிறார். பத்தரை மணியளவில் அவரது முறை வருகிறது. வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கிறார்.

"அம்மா, சீனி நல்லாயிருக்கு. பிரஷரும் பரவாயில்லை. இதே குளிசையளைத் தொடர்ந்து போடுங்கோ."

"ஓம் டொக்டர்."

அவ்வளவுதான். பின்னர் மருந்து எடுக்கும் வரிசை. வீடு வந்து சேர ஒரு மணியாகிறது.

கொப்பியில் எழுதப்பட்டது சரியே. ஆனால் அதில் எழுதப்படாத ஒன்று உண்டு. இந்தத் தாய் ஏழு மாதங்களாக ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. காலையில் போடும் குளிசைகளில் ஒன்று சலத்தைப் போக்குவது. அதைப் போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி எழும்ப வேண்டும். ஆலயத்தின் கழிப்பிடமோ பின்வளவில், இரண்டு படிகளின் மேலே, பெரும்பாலும் பூட்டியபடி இருக்கிறது. ஒரு ஞாயிறு பூசையின் நடுவே எழும்பிப் போனவர், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் உடுப்பு நனைந்துவிட்டது. அன்றோடு நின்றுவிட்டார். வெட்கத்தினால் மகளுக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கால் நோ என்று மகள் எண்ணினாள். பக்தி குறைந்துவிட்டது என்று பங்குத்தந்தை எண்ணினார். வைத்தியருக்கோ இது பற்றி ஒன்றுமே தெரியாது.

சீனி அளவாக இருக்கிறது; அழுத்தமும் அளவாக இருக்கிறது. ஆனால் இந்தத் தாய் நலமாக இருக்கிறாரா? இக்கேள்வியையே இவ்வாரம் நாம் சேர்ந்து ஆராய்வோம்.

1. நாட்பட்ட நோய்

நோய்களை இரு வகையாகப் பார்க்கலாம். காய்ச்சல், வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் போன்றவை வருகின்றன. மருந்து கொடுத்தால் போய்விடுகின்றன. சலரோகம், இரத்த அழுத்தம், தொய்வு, இருதய நோய், சிறுநீரக நோய், மூட்டு வாதம், வலிப்பு போன்றவையோ வந்தபின் எம்முடனேயே தங்கிவிடுகின்றன. இவற்றை நாட்பட்ட நோய்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை.

எமது தாத்தா பாட்டி காலத்தில் மலேரியாவும் வாந்திபேதியும் மக்களைக் கொண்டுபோயின. இலங்கை 2016-ம் ஆண்டில் மலேரியாவை ஒழித்த நாடாக உலக சுகாதார தாபனத்தினால் அங்கீகரிக்கப்பட்டது. இது பெரும் சாதனை. ஆனால் அதே தாபனம் 2018-ம் ஆண்டு வெளியிட்ட கணிப்பின்படி, இலங்கையில் நிகழும் மரணங்கள் நூறில் ஏறக்குறைய 83 தொற்றாத நோய்களினால் நிகழ்பவை. நோயின் முகம் மாறிவிட்டது. ஆனால் நோயாளரைப் பற்றிய எமது எண்ணம் அவ்வளவு மாறவில்லை. நோயாளி என்றால் சில நாள் படுக்கையில் இருந்து, பின் எழும்பி நடப்பவர் என்றே இன்னமும் எண்ணுகிறோம். நாட்பட்ட நோயாளியோ படுக்கையிலும் இல்லை, முற்றாக எழும்பவும் இல்லை. இருபது, முப்பது வருடங்கள் நோயுடனேயே சமைக்கிறார், தோட்டம் செய்கிறார், பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிறார், செபிக்கிறார். அவருக்கு நோய் என்பது வாழ்வில் இடையே வந்த ஒரு தடை அல்ல. வாழ்வே அதனூடாகத்தான் செல்கிறது.

அன்றியும் இந்நோய்கள் தனியாக வருவதில்லை. ஸ்கொட்லாந்தில் 314 பொது வைத்திய நிலையங்களில் பதியப்பட்டிருந்த ஏறத்தாழ பதினேழரை இலட்சம் மக்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2012-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 23 பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் இருந்ததைக் காட்டியது. மிக வறிய பகுதிகளில் இந்த நிலை செல்வர் வாழும் பகுதிகளை விடப் பத்து, பதினைந்து வருடங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஏழையை நோயும் முந்திக்கொண்டு வருகிறது.

2. வாழ்வின் தரம் என்றால் என்ன?

'வாழ்க்கைத் தரம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது வருமானம், வீடு, மின்சாரம், வாகனம் என்பவற்றையே கருதுகிறோம். இங்கு நாம் பேசுவது அதுவன்று. வைத்தியத்துறையில் 'வாழ்வின் தரம்' என்பது, ஒரு மனிதர் தாம் வாழும் வாழ்வைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதாகும்.

உலக சுகாதார தாபனத்தின் சாசனம் 1948-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோதே, சுகம் என்பது நோயில்லாதிருப்பது மட்டுமன்று. உடல், உள்ளம், சமூக உறவு ஆகிய மூன்றும் நன்றாயிருப்பதே சுகம் என்று வரையறுத்தது. 1991-ம் ஆண்டளவில் அதே தாபனம் வாழ்வின் தரத்தை அளப்பதற்கான ஒரு பெருமுயற்சியைத் தொடங்கியது. அது கண்டுகொண்ட கருத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், ஒருவரது பண்பாடு, அவர் மதிக்கும் விழுமியங்கள், அவரது நோக்கங்கள், எதிர்பார்ப்புகள், கவலைகள் ஆகியவற்றின் பின்னணியில் அவர் தம் நிலையை எப்படி உணர்கிறார் என்பதே வாழ்வின் தரம். இந்த முயற்சியிலிருந்து பிறந்த 26 கேள்விகள் கொண்ட சுருக்கப் பத்திரம் உடல், உள்ளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என நான்கு பிரிவுகளைத் தொடுகிறது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது, இதனைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே. இரத்தத்தில் உள்ள சீனியை இயந்திரம் சொல்லும். அந்தச் சீனியோடு வாழ்வது எப்படியிருக்கிறது என்பதை அவரே சொல்லவேண்டும். நாம் வெளியில் நின்று ஊகிப்பது பெரும்பாலும் பிழைத்துப்போகிறது. கடுமையான ஊனமுற்றோரிடம் நேரில் கேட்ட ஓர் அமெரிக்க ஆய்வில் (1999), அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமது வாழ்வின் தரம் நன்றாகவே இருக்கிறது என்று கூறினார்கள். பார்ப்பவர்களோ 'ஐயோ பாவம், இதுவும் ஒரு வாழ்வா' என்கிறோம். மறுபுறம், மேலே சொன்ன தாயைப் போல, எல்லா இலக்கங்களும் நன்றாயிருந்தும் வாழ்வு சுருங்கிப்போனவர்களைப் பார்த்து 'அவவுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கிறா' என்கிறோம்.

இரண்டாவது, ஒருவர் எதை மதிக்கிறாரோ அதற்கேற்ப அவரது இழப்பும் வேறுபடும். முழங்கால் நோ மீனவருக்கு ஒரு பொருள், ஆசிரியைக்கு வேறொரு பொருள், முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிப் பழகிய பாட்டிக்கு இன்னொரு பொருள். நோயின் பெயர் ஒன்றுதான், பறிபோனவை வெவ்வேறு.

3. இதை அளக்க முடியுமா?

'மனத்தில் இருப்பதை எப்படி அளப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். குடும்ப வைத்தியர்களுக்கென்றே அமைந்த எளிய முறை ஒன்றை இங்கு குறிப்பிடுகிறோம்.

அமெரிக்காவில் டார்ட்மத் என்னுமிடத்தில் 1980-களில் சில வைத்தியர்கள் படங்களுடன் கூடிய அட்டைகளைத் தயாரித்தார்கள். 'வொன்கா' எனப்படும் குடும்ப வைத்தியர்களின் உலக அமைப்பு 1988-ம் ஆண்டில் இவற்றைத் திருத்தி எடுத்துக்கொண்டது. ஆறு அட்டைகள். கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பதில் சொல்லவேண்டும்.

முதலாவது அட்டை, இரண்டு நிமிடங்களாவது செய்யக்கூடியதாயிருந்த மிகக் கடினமான உடல் முயற்சி எது என்று கேட்கிறது. இரண்டாவது, மனக்கவலை, சோர்வு, எரிச்சல் எவ்வளவு தொந்தரவு தந்தன என்று கேட்கிறது. மூன்றாவது, வீட்டிலும் வெளியிலும் அன்றாட வேலைகளைச் செய்வது எவ்வளவு கடினமாயிருந்தது என்று கேட்கிறது. நான்காவது, குடும்பத்தவர், நண்பர், அயலவருடன் பழகுவதை உடல்நிலையோ மனநிலையோ எவ்வளவு தடுத்தது என்று கேட்கிறது. ஐந்தாவது, இரண்டு வாரத்துக்கு முன் இருந்ததை விடச் சுகமா, மோசமா என்பது. ஆறாவது, மொத்தத்தில் உங்கள் சுகம் எப்படி என்பது. ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து படிகளும் சிறு படங்களும் உண்டு. வாசிக்கத் தெரியாதவரும் விரலால் தொட்டுக் காட்டலாம். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நான்காவது அட்டையை அந்தத் தாயிடம் யாராவது காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கடைசிப் படத்தைத் தொட்டிருப்பார். 'ஏன் அம்மா?' என்று அடுத்த கேள்வி தானாகவே பிறந்திருக்கும். சலக் குளிசையைப் போடும் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியர் சிந்தித்திருப்பார். அடிக்கடி சலம் போவதற்குச் சலக்கடுப்புக் கிருமிகளோ வேறு காரணங்களோ இருக்கின்றனவா என்று பரிசோதித்திருப்பார். இவை தீர்க்கக்கூடிய கருமங்கள். கேட்கப்படாததனாலேயே தீராமல் கிடந்தன.

4. வைத்தியர் அறையில் எவ்வளவு முடியும்?

இங்கு வைத்தியர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கவேண்டிய வைத்தியரிடம் ஆறுதலாகக் கதைக்கவில்லை என்று கோபிப்பது நீதியாகாது. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வு 2017-ம் ஆண்டில் வெளிவந்தது. பங்களாதேசத்தில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சராசரி 48 விநாடிகள். சுவீடனில் 22½ நிமிடங்கள். உலக மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் வாழும் நாடுகளில் இந்த நேரம் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ ஆகும். எமது நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம் என்பது பெரும் கொடை. 2022-ம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டு, துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொன்னபோதுதான் அக்கொடையின் அருமை பலருக்கு விளங்கியது. ஆனால் இலவசமாகக் கிடைக்காத ஒரு மருந்து நேரம்.

நேரம் கிடைத்தால் மட்டும் போதுமா? இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 33 பொது வைத்திய நிலையங்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்களுள்ள 1546 பேரைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடத்தப்பட்டு, 2018-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினரை ஆறு மாதத்துக்கொரு முறை ஆறுதலாக அழைத்து, அவர்களுக்கு முக்கியமானது எது என்று கேட்டு, மனச்சோர்வு உண்டா என்று பார்த்து, மருந்துகள் யாவற்றையும் ஒருங்கே மீளாய்வு செய்தார்கள். பதினைந்து மாதங்களின் பின் பார்த்தபோது, அவ்வாறு கவனிக்கப்பட்டவர்கள் தமக்குக் கிடைத்த பராமரிப்பு சிறந்தது என்றும், தம்மைத் தாமாகவே மதித்து நடத்தினார்கள் என்றும் கூறினார்கள். ஆனால் அவர்களது வாழ்வின் தரம் மற்றவர்களுடையதை விட உயர்ந்திருக்கவில்லை.

வாசகரே, இந்த முடிவைக் கண்டு நாம் மனம் தளரத் தேவையில்லை. ஆனால் இதை நன்கு சிந்திக்கவேண்டும். நல்ல வைத்தியர் நோயாளியைக் கேட்கலாம், விளங்கிக்கொள்ளலாம், மருந்தைத் திருத்தலாம். இவை மிகவும் வேண்டியவை. ஆனால் அந்தத் தாயின் வாழ்வைச் சுருக்கிய பூட்டு ஆஸ்பத்திரியில் இல்லை. ஆலயத்தின் பின்வளவில் இருந்தது. அதன் திறப்பு வைத்தியரிடம் இல்லை; எங்களிடம் இருந்தது. வாழ்வின் தரத்தைக் கேட்டறிவது வைத்தியரின் பணியாயின், கேட்டறிந்ததை நிறைவாக்குவதில் பெரும் பங்கு வீட்டுக்கும் அயலுக்கும் பங்குச் சமூகத்துக்கும் உரியது. இக்கட்டுரை சொல்ல விரும்புவது இதுவே.

5. நற்செய்தியில் நாட்பட்ட நோயாளர்

நற்செய்தியில் வருவோரில் பலர் நாட்பட்ட நோயாளரே. மாற்கு 5-ம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள பெண்ணைக் காண்கிறோம். வைத்தியர் பலரிடம் சென்று, உள்ளதெல்லாம் செலவழித்தும், நிலை மோசமாயிற்றேயன்றிக் குறையவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அக்காலத்துச் சட்டப்படி அவர் தீட்டுள்ளவர். ஆகவே வழிபாட்டிலும் உறவிலும் அவருக்கு இடமில்லை. நோய் ஒன்று, அதனால் வந்த ஒதுக்கம் இன்னொன்று. அவர் வெட்கத்துடன் பின்னால் வந்து மறைவாகத் தொட்டார். உதிரம் அப்பொழுதே நின்றது. ஆண்டவர் அத்துடன் போயிருக்கலாம். அவரோ நின்று, தொட்டது யாரென்று கேட்டு, அப்பெண் முழு உண்மையையும் சொல்லும்வரை செவிகொடுத்து, எல்லார் முன்னிலையிலும் அவரை மகள் என்று அழைத்தார். உதிரம் நின்றதோடு அவரது பணி முடியவில்லை. மக்கள் நடுவே அவருக்கு இடம் கிடைத்தபோதே முடிந்தது.

அருளப்பர் நற்செய்தி 5-ம் அதிகாரத்தில், யெருசலேமில் குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் நோயுற்றுக் கிடந்த ஒருவரைச் சந்திக்கிறோம். குணமடைய விருப்பமா என்று யேசு கேட்கிறார். அவர் தம் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறார். கேட்டது நோயைப் பற்றி. வந்த பதிலோ ஆளில்லாத குறையைப் பற்றி. முப்பத்தெட்டு வருடம் அவ்விடத்தைக் கடந்து எத்தனை பேர் ஆலயத்துக்குப் போயிருப்பார்கள்!

குணமாகாத நோயையும் வேதம் அறியும். புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் (12-ம் அதிகாரம்) கூறுகிறார். அதை நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்க அருள் கிடைத்தது. ஆகவே குணமாகாத நோயாளி விசுவாசம் குறைந்தவர் என்று எவரும் சொல்லத் துணியக்கூடாது. செபித்துவிட்டோம், இனிக் குளிசையும் ஊசியும் வேண்டாம் என்று நிறுத்துவதும் பெரும் பிழை. வைத்தியரை மதிக்கும்படியும், மருந்து இறைவன் படைத்தது என்றும் சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. இன்சுலின் ஊசியைத் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984-ம் ஆண்டு பெப்ரவரி 11-ம் திகதி துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி ஒரு திருமடல் வெளியிட்டார். துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. நல்ல சமாரியன் உவமையையும் துன்பத்தின் நற்செய்தியோடு சேர்த்தே வைக்கிறார். பிறர் துன்பத்தின் அருகே நில்லாமல் கடந்துபோவது நமக்கு அனுமதிக்கப்படவில்லை.

6. நாம் செய்யக்கூடியவை

நோயாளருக்கு: கூடியவரை ஒரே குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். எமது நாட்டில் ஒருவர் நினைத்த வைத்தியரிடம் எல்லாம் போகலாம். அதனால் ஒவ்வொருவரும் உங்களில் ஒரு துண்டையே பார்க்கிறார்கள். கிளினிக் குளிசை, வெளியில் வாங்கிய குளிசை, நாட்டு மருந்து யாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுசென்று காட்டுங்கள். நோயினாலோ மருந்தினாலோ உங்களால் செய்ய முடியாமற்போன ஒரு காரியத்தைத் துண்டில் எழுதிச் செல்லுங்கள்: 'இரவில் நித்திரை இல்லை', 'பூசைக்குப் போக முடியவில்லை', 'சாப்பாட்டில் விருப்பமில்லை'. வெட்கப்படவேண்டாம். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று கேளுங்கள். இருதயம், சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு விடை வேறாயிருக்கலாம். ஆகவே அயலவரின் ஆலோசனையைப் பின்பற்றாதீர்கள்.

குடும்பத்தவருக்கு: சலரோகமுள்ளோரில் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. எந்நேரமும் அழுகை, ஒன்றிலும் நாட்டமின்மை, நித்திரையின்மை என்பவை 'வயது போனதால்' வருபவை என்று தள்ளிவிடாமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு. மேலும், காவல்காரராக மாறாதீர்கள். கலியாண வீட்டில் பலர் முன்னிலையில் 'அவவுக்குச் சலரோகம், பலகாரம் குடுக்காதேங்கோ' என்று உரத்துச் சொல்வது அன்பினாற்தான். ஆனால் அதன்பின் அவர் கலியாண வீடுகளுக்கே போகாமல் விட்டுவிடுவார். அவருக்கென்று தனிச் சமையல் வைப்பதை விட, உப்பும் சீனியும் எண்ணெயும் குறைத்து வீட்டார் எல்லாரும் ஒரே உணவை உண்பது சிறந்தது.

வைத்தியருக்கு: 2009-ம் ஆண்டில் வைத்திய அறிஞர் சிலர், நோயாளியின் வாழ்வைக் குலைக்காத வைத்தியம் வேண்டும் என்று எழுதினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கிளினிக், ஒவ்வொரு குளிசை, ஒவ்வொரு பத்தியம் என்று சேரும்போது, நோயை விட வைத்தியமே பெரும் சுமையாகிறது என்பது அவர்கள் கருத்து. அன்பான வைத்தியர்களே, நேரமில்லாத இடத்திலும் ஒரு கேள்விக்கு இடமுண்டு: 'இதால உங்களுக்குச் செய்ய முடியாமப் போனது என்ன?' எழுதிக்கொடுக்கும் துண்டுக்கு முன் இதைக் கேளுங்கள்.

பங்குச் சமூகத்துக்கு: ஆலயக் கழிப்பிடத்தைப் பூசை நேரத்தில் திறந்து வையுங்கள், அதற்குப் படி இருந்தால் சாய்தளமும் கைபிடியும் அமையுங்கள். முன்வரிசையில் சாய்வுள்ள சில கதிரைகளை இடுங்கள். முழந்தாளிட முடியாதவர் அமர்ந்தே வழிபடலாம் என்பதைப் பங்குத்தந்தையே அறிவிக்கட்டும். ஓட்டோ வைத்திருப்போர் ஞாயிறன்று ஒருவரையாவது ஏற்றிவரலாம். சலரோகத்தினால் கால் விறைத்தவர்கள் சுடுமணலில் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. சூடு தெரியாமல் புண்ணாகி, காலையே இழக்க நேரலாம். ஆகவே திருநாட் காலத்தில் அவர்கள் செருப்புடன் நடப்பதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

திருச்சபையின் சட்டமும் இவர்களுக்கு இரங்குகிறது. ஒருசந்திக் கடமை அறுபதாம் வயது தொடங்கும்வரை மட்டுமே. நோயாளரை அது எந்த வயதிலும் கட்டுப்படுத்தாது. சீனியைக் குறைக்கும் சில குளிசைகளைப் போட்டோ, இன்சுலின் ஊசி எடுத்தோ உணவை விட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும் முதியோரையும் நோயாளரையும், அவர்களைப் பராமரிப்போரையும் கட்டாது. தண்ணீரும் மருந்தும் எவருக்கும் தடையல்ல. இவற்றை அறியாமல் மனச்சாட்சிப் பயத்துடன் வாழும் வயோதிபர் பலர் உள்ளனர், அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தை இன்னமும் 'அவஸ்தை பூசுதல்' என்றே எண்ணி, குருவானவர் வீட்டுக்கு வந்தால் அஞ்சுவோர் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ம் ஆண்டிலேயே, இது சாகுந்தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவாக்கியது. 1972-ம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அதற்கான புதிய முறையை ஏற்படுத்தினார். கடும் நாட்பட்ட நோயாளரும், முதுமையால் தளர்ந்தோரும் இதைப் பெறலாம். நோய் மேலும் கடுமையானால் மீண்டும் பெறலாம். இது வாழ்வதற்கான அருள்.

மரியாயின் சேனையினரும் வின்சென்ற் டி போல் சபையினரும் நோயாளரைச் சந்திக்கப் போகும்போது, ஒரு செபமும் ஒரு பிஸ்கற் பக்கற்றும் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், பத்து நிமிடம் இருந்து கேளுங்கள். 'எப்படிச் சுகம்?' என்றால் எல்லாரும் 'பரவாயில்லை' என்பார்கள். 'முந்திச் செய்து இப்ப செய்ய முடியாமல் இருக்கிறது என்ன அம்மா?' என்று கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமெடுக்கும். காத்திருங்கள்.

7. முடிவாக

அந்தத் தாயின் சலரோகம் மாறப்போவதில்லை. முழங்காலும் இளமைக்குத் திரும்பப்போவதில்லை. ஆனால் யாராவது ஒருவர் கேட்டு, குளிசை நேரம் வைத்தியரால் மாற்றப்பட்டு, பின்வளவுக் கதவு திறக்கப்பட்டு, கழிப்பிடத்துக்கு அண்மையில் ஒரு கதிரையும் போடப்பட்டால், அடுத்த ஞாயிறு அவர் பூசைக்கு வருவார். கிளினிக் கொப்பியில் எந்த இலக்கமும் மாறியிராது. ஆனால் அவரது வாழ்வு மாறியிருக்கும்.

வருடந்தோறும் பெப்ரவரி 11-ம் திகதி லூர்து அன்னையின் திருநாளில் உலக நோயாளர் தினத்தைக் கொண்டாடுகிறோம். 1993-ம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. அதற்குக் காத்திராமல், உங்கள் ஆலயக் கழிப்பிடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று இந்த ஞாயிறே விசாரித்துப் பாருங்கள்.

அன்பியங்களில் கலந்துரையாடுவதற்கு:

(1) எமது அன்பியத்தில் நாட்பட்ட நோயாளர் எத்தனை பேர்? அவர்களுள் பூசைக்கு வராமல் நின்றவர்கள் யார்? ஏன் என்று அவர்களிடமே கேட்டோமா?

(2) எமது வீட்டு நோயாளியை நாம் பராமரிக்கிறோமா, காவல் காக்கிறோமா?

(3) குளத்தருகே கிடந்தவர் தமக்கு ஆளில்லை என்றார். இந்த மாதம் எமது அன்பியம் யாருக்கு ஆளாயிருக்கப் போகிறது?